சொல் விளக்கம்: மேற்பார்வை விடுதி

"வெளியே வந்துட்டானா, இன்னும் உள்ளேதான் இருக்கானா?"

இங்கிலாந்தில் பல ஆண்டுகள் சிறையில் இருந்துவிட்டு வரும் ஒருவரின் தாய், விடுதலைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு இப்படிக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மகன் தங்க வேண்டிய இடத்துக்கு அந்தத் தாளில் ‘அப்ரூவ்டு பிரிமிசஸ்’ என்று பெயர் போட்டிருக்கிறது. பக்கத்தில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் என்னவென்று சொல்கிறாரோ அதுதான் அந்தத் தாய்க்குக் கிடைக்கும் பதில். ‘அங்கீகரிக்கப்பட்ட வளாகம்’ என்றால் அவருக்கு ஒன்றும் விளங்காது. ‘திறந்தவெளிச் சிறை’ என்றால் தப்பாக விளங்கிவிடும். அதனால்தான் இந்தச் சொல்லைக் கொஞ்சம் பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் பொருள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 100 அப்ரூவ்டு பிரிமிசஸ் இருக்கின்றன. பெரும்பாலானவற்றை, தண்டனை பெற்றவர்களைச் சிறைக்கு வெளியே மேற்பார்வையிடும் புரொபேஷன் துறையே நடத்துகிறது, சிலவற்றைத் தன்னார்வ அமைப்புகள் நடத்துகின்றன. கொலை, பாலியல் குற்றம், கடும் வன்முறை போன்றவற்றுக்காகத் தண்டனை பெற்று, வெளியே வந்தபின் பிறருக்குப் பெரிய தீங்கு செய்யக்கூடும் என்று மதிப்பிடப்பட்டவர்களே முக்கியமாக இங்கே அனுப்பப்படுகிறார்கள். தங்கும் காலம் வழக்கமாகச் சுமார் 12 வாரம். 24 மணி நேரமும் ஊழியர்கள் இருப்பார்கள். பகலில் வெளியே போகலாம், வேலை தேடலாம், குடும்பத்தைச் சந்திக்கலாம். இரவில் மட்டும், பொதுவாக 11 மணி முதல் காலை 6 மணி வரை, உள்ளே இருந்தாக வேண்டும்.

பத்தே முக்காலுக்கு ஒருவர் வேகவேகமாக வந்து கதவு மணியை அடிக்கிறார். ஊழியர் கதவைத் திறக்கிறார், வந்த நேரத்தைக் குறித்துக்கொள்கிறார். குடிக்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தால் மூச்சுச் சோதனையும் நடக்கலாம். அப்புறம் அவர் தன் அறைக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறார். அந்த அறையையும் ஊழியர்கள் சோதனை போடலாம். விதியை மீறினால் வழக்காடித் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, மீண்டும் சிறைக்கே திருப்பி அழைத்துவிட முடியும். ஆனாலும் அது சிறை கிடையாது. அவர் விடுதலையானவர், மீதித் தண்டனைக் காலத்தை நிபந்தனையோடு வெளியே கழிக்கிறவர். இந்த ஏற்பாட்டுக்கு ஆங்கிலச் சட்டத்தில் ‘லைசென்ஸ்’ என்று பெயர். அதை ‘உரிமம்’ என்று பெயர்த்தால் வண்டி ஓட்டும் உரிமம்தான் நினைவுக்கு வரும். ‘நிபந்தனை விடுதலை’ என்றால் சரியாக இருக்கும்.

இனிச் சொல்லின் வரலாறு. பழைய பெயர் ‘புரொபேஷன் ஹாஸ்டல்’. புரொபேஷன் என்பது ‘சோதித்துப் பார்த்தல்’ என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. அதைக் குற்றவியல் பொருளில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் என்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துச் செருப்புத் தொழிலாளி ஜான் அகஸ்டஸைச் சொல்வார்கள். 1841இல் ஒரு குடிகாரரை நீதிமன்றத்தில் ஜாமீனில் எடுத்துத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டார். மூன்று வாரம் கழித்துத் திரும்ப அழைத்துவந்தபோது ஆள் மாறியிருந்தார். தண்டனைக்கு முன் ஒருவரைச் சோதித்துப் பார்க்கக் கொஞ்சம் காலம் கொடுப்பதுதான் அதன் தொடக்கப் பொருள். ஹாஸ்டல் என்ற சொல்லோ ஹோட்டலுக்கும் ஹாஸ்பிடலுக்கும் உடன்பிறப்பு. மூன்றுக்கும் அடியில் இருப்பது விருந்தினரைக் குறிக்கும் லத்தீன் சொல்.

அந்த ஹாஸ்டல் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘பிரிமிசஸ்’ ஆனது. 2007ஆம் ஆண்டுச் சட்டமும் அதே பெயரைத் தொடர்கிறது. பிரிமிசஸ் என்றால் லத்தீனில் ‘முன்னே சொல்லப்பட்டவை’. சொத்துப் பத்திரத்தின் தொடக்கத்தில் நிலத்தையும் வீட்டையும் ஒருமுறை விவரித்துவிட்டு, பிறகு வரும் இடமெல்லாம் ‘முன் சொன்னது’ என்றே எழுதிப்போனார்கள். நாளடைவில் அதுவே கட்டடத்துக்குப் பெயராகிவிட்டது. நம் பத்திரங்களில் வரும் ‘மேற்படி’ அச்சு அசல் இதேதான். ‘மேற்படி வீடு’ என்பதில் வீட்டை விட்டுவிட்டு மேற்படியை மட்டும் வைத்துக்கொண்டது போல! விருந்தினரை நினைவூட்டிய பெயர் போய், மனிதரைப் பற்றி எதுவுமே சொல்லாத பெயர் வந்தது எனக்கு இழப்பாகவே படுகிறது.

தமிழில் என்ன சொல்லலாம்? புரொபேஷனுக்கு நம்மிடம் இரண்டு சொற்கள் இருக்கின்றன. அரசு வேலையில் புதிதாகச் சேர்ந்தவருக்குத் ‘தகுதிகாண் பருவம்’. குற்றவியலில் ‘நன்னடத்தை’. தமிழ்நாட்டில் நன்னடத்தை அலுவலர் என்ற பதவியே உண்டு, இலங்கையிலும் அதே சொல்தான். ‘சோதித்துப் பார்த்தல்’ என்ற வேர்ப்பொருளுக்குத் தகுதிகாண் என்பதே நெருக்கம். ஆனால் குற்றவியலில் நன்னடத்தை நிலைத்துவிட்டது, அதை மாற்றத் தேவையில்லை.

அப்படியானால் ‘நன்னடத்தை விடுதி’ என்றே சொல்லிவிடலாமே? அங்கேதான் சிக்கல். ‘நன்னடத்தை காரணமாக முன்கூட்டியே விடுதலை’ என்று செய்தியில் படித்துப் பழகிய வாசகர், நல்லபடி நடந்துகொண்டவர்களுக்கான இடம் என்று எடுத்துக்கொள்வார். உண்மையில் இது கூடுதல் கவனம் தேவைப்படுகிறவர்களுக்கான இடம். ‘கண்காணிப்பு இல்லம்’ என்பதையும் சிலர் எழுதக்கூடும். கண்காணிப்பு என்றதும் கேமராதான் கண்முன் நிற்கிறது. அங்கே கேமரா இருப்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொருவருக்கும் பொறுப்பான ஊழியர் ஒருவர் இருப்பார், உட்கார்ந்து பேசுவார், அடுத்து எங்கே குடிபோவது என்று சேர்ந்து திட்டமிடுவார். கேமராவுக்கு அது வராது. ‘மேற்பார்வை’ என்ற சொல்லில் பார்ப்பதோடு பொறுப்பேற்பதும் சேர்ந்தே இருக்கிறது. ஆங்கிலத்தின் ‘சூப்பர்விஷன்’ என்பதற்கும் அதுதான் நேர்ச்சொல்.

‘விடுதி’யை நான் விடாமல் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. அது ‘விடு’ என்ற வேரில் பிறந்தது. விடுதலையும் அதே வேர். கெடு ‘கேடு’ ஆவதுபோல விடு நீண்டு ‘வீடு’ ஆகிறது என்பது பள்ளி இலக்கணம். விடுதலை, விடுதி, வீடு: சிறைவாசலைத் தாண்டியவர் போக வேண்டிய வழி மூன்று சொற்களில் வரிசையாகக் கிடக்கிறது. ஆங்கிலத்தில் இப்படி ஓர் ஒழுங்கு அமையவில்லை.

‘ஹாஃப்வே ஹவுஸ்’ என்பதை இத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டு ஊர்களுக்கு நடுவில் இருந்த வழிப்போக்கர் சத்திரத்தின் பெயர் அது. பிறகு போதை மறுவாழ்வு, மனநலம் என்று பலவற்றுக்கும் விரிந்தது. அதற்கு ‘இடைவழி இல்லம்’ போதும்.

சட்ட ஆவணத்தில் சொல்லுக்குச் சொல் வேண்டுமென்றால் ‘ஏற்பளிக்கப்பட்ட மேற்பார்வை விடுதி’ என்று எழுதலாம். பேச்சில் முதல் சொல்லை விட்டுவிடலாம். அந்தத் தாயிடம் இப்படிச் சொல்வேன்: "வெளியே வந்துட்டார்மா. இப்போ மேற்பார்வை விடுதியில இருக்கார். நிபந்தனையில தடை இல்லன்னா பகல்ல வெளியே சந்திக்கலாம். ராத்திரி பதினோரு மணிக்குள்ள மட்டும் அவரைத் திருப்பி அனுப்பிடுங்க."