பள்ளியில் குடிநீரும் கழிப்பறையும்: சட்டம் தருவது என்ன, எவ்வளவு கேட்கலாம், யாரிடம் கேட்பது?

பிள்ளைகள் படிக்கும் இடத்தில் குடிக்க நல்ல தண்ணீரும், ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனிக் கழிப்பறையும் இருப்பது அவர்களின் உரிமை. மனு எழுதும்போது "தயைகூர்ந்து செய்து தர வேண்டும்" என்று கெஞ்ச வேண்டியதில்லை. எந்தச் சட்டம், எந்த அளவு, எங்கே பழுது என்று மூன்றையும் எழுதினால் போதும். பெரும்பாலான மனுக்கள் கிடப்பில் போவதற்குக் காரணம் இந்த மூன்றாவது விவரம் இல்லாததுதான்.

முதலில் சட்டம். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் (2009) 19ஆம் பிரிவும் அதன் அட்டவணையும் ஒரு பள்ளியில் கட்டாயம் இருக்க வேண்டியவற்றைப் பட்டியலிடுகின்றன. ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, எல்லாப் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பான, போதுமான குடிநீர், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் தடையின்றி வந்துபோகும் வழி ஆகியவை அதில் உண்டு. பழைய பள்ளிகள் இவற்றைச் செய்து முடிக்கச் சட்டம் தந்த அவகாசம் 3 ஆண்டு. அது எப்போதோ முடிந்துவிட்டது.

இந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரை, அதாவது 8ஆம் வகுப்பு வரைதான். அப்படியானால் 9 முதல் 12 வரை படிக்கும் பிள்ளைகள்? அவர்களுக்கும் வழி இருக்கிறது. 2012 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு, எல்லா மாநிலங்களும் 6 மாதத்துக்குள் பள்ளிகளில் கழிப்பறை, குடிநீர் வசதிகளைச் செய்து முடிக்க வேண்டும் என்றது. அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, தனியார் பள்ளி, சிறுபான்மையினர் பள்ளி என எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். மேல்நிலைப் பள்ளிக்காக மனு எழுதுபவர்கள் கல்வி உரிமைச் சட்டத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் இந்த உத்தரவையும் தேதியோடு குறிப்பிடுங்கள்.

எவ்வளவு இருந்தால் போதுமானது?

சட்டத்தில் "போதுமான" என்ற சொல் மட்டுமே இருக்கிறது. எண் எங்கே என்றால், 2014இல் தொடங்கிய தூய்மைப் பள்ளி இயக்கத்தின் (ஸ்வச் வித்யாலயா) வழிகாட்டுதலிலும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் விதிகளிலும் இருக்கிறது. 40 பிள்ளைகளுக்கு ஓர் அலகு. ஓர் அலகு என்பது ஒரு மலக்கழிப்பறையும் 3 சிறுநீர்க் கழிப்பிடங்களும். தண்ணீர், பகல் பள்ளிக்கு ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு 45 லிட்டர், விடுதியோடு கூடிய பள்ளிக்கு 135 லிட்டர். இது குடிக்க, கை கழுவ, கழிப்பறைக்கு எல்லாம் சேர்த்து. குடிக்க மட்டும் பிள்ளைக்கு 1.5 லிட்டர்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 பையன்கள், 100 பெண் பிள்ளைகள் படிக்கும் நடுநிலைப் பள்ளி. இரு பக்கமும் தலா 3 அலகு வேண்டும். 100ஐ 40ஆல் வகுத்தால் இரண்டரைதான் வரும். ஆனால் அரைக் கழிப்பறை கட்ட முடியாது. குடிநீர் 300 லிட்டர். மொத்தத் தண்ணீர் 9,000 லிட்டர். இப்போது பள்ளி மொட்டை மாடியைப் பாருங்கள். அங்கே நிற்பது 1,000 லிட்டர் தொட்டி ஒன்றே ஒன்று என்றால், ஒரு நாளில் 9 முறை அதை நிரப்பினால்தான் கணக்கு சரியாகும். காலை இடைவேளை முடியும்போதே தொட்டி காலியாகிவிடும். பிறகு மதிய உணவுக்குப் பின் கழிப்பறைக்குள் யார் போக முடியும்?

கை கழுவும் குழாய்க்கும் இதே கணக்குத்தான். ஒரு பிள்ளை சோப்புப் போட்டுக் கை கழுவ 40 விநாடி ஆகும். 200 பிள்ளைகளுக்கு 4 குழாய் என்றால் கடைசிப் பிள்ளை 33 நிமிடம் நிற்க வேண்டும். 10 குழாய் இருந்தால் 13 நிமிடம். சத்துணவு வரிசையில் நிற்கும் பிள்ளை அரை மணி நேரம் காத்திருக்காது. கழுவாமல் போய்ச் சாப்பிட உட்கார்ந்துவிடும். சின்ன வகுப்புப் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் சில குழாய்களாவது இருக்க வேண்டும் என்பதையும் கேளுங்கள்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான கழிப்பறை 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி தேவை. சாய்தளம் 1க்கு 12 என்ற சரிவுக்கு மேல் செங்குத்தாக இருக்கக் கூடாது. அதாவது 1 அடி ஏற 12 அடி நீளம். கதவு வழி 90 சென்டிமீட்டர், உள்ளே சக்கர நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் இடம், பிடித்து எழக் கைப்பிடிக் கம்பி. பல பள்ளிகளில் சாய்தளம் அழகாக இருக்கும், அதன் முடிவில் கழிப்பறைக் கதவடியில் ஒரு படி இருக்கும். அந்த ஒரு படி மொத்தத்தையும் வீணாக்கிவிடுகிறது.

கட்டடம் இருக்கிறது, ஏன் பயன்படவில்லை?

மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் பள்ளிகளில் கட்டிய கழிப்பறைகளை இந்தியக் கணக்கு, தணிக்கைத் துறை 15 மாநிலங்களில் நேரில் பார்த்து, 2020இல் நாடாளுமன்றத்தில் அறிக்கை வைத்தது. கட்டி முடிக்கப்பட்டு இருந்த 2,326 கழிப்பறைகளில் 72 சதவீதத்தில் உள்ளே குழாய்த் தண்ணீர் இல்லை. 55 சதவீதத்தில் கை கழுவ வசதி இல்லை. 691 பயன்பாட்டிலேயே இல்லை. செங்கலுக்கும் சிமெண்டுக்கும் பணம் வந்துவிடுகிறது. தண்ணீர் இணைப்பும் அன்றாடப் பராமரிப்பும்தான் அறுந்துபோகும் இடம்.

தமிழ்நாட்டுக் கிராமப் பள்ளிகளில் அடிக்கடி நடக்கும் ஒன்று: ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டியிலிருந்து பள்ளிக்கு இணைப்பு இருக்கும். தண்ணீர் திறக்கும் நேரம் காலை 6 மணி. பள்ளி திறப்பது 9 மணிக்கு மேல். 6 மணிக்குப் பள்ளிக்குள் வால்வு திறக்க ஆள் இல்லை. "இணைப்பு உண்டு" என்று பதிவேடு சொல்லும், குழாயில் காற்றுதான் வரும். இதற்குப் புது ஆழ்துளைக் கிணறு தேவையில்லை. தரையில் ஒரு சம்ப், அது நிறைந்ததும் தானே மூடிக்கொள்ளும் மிதவை வால்வு, மேலே ஏற்ற ஒரு சிறு மோட்டார் போதும். சம்ப் மூடி கனமாக, பூட்டும்படி இருக்க வேண்டும். திறந்த சம்பிலும் உடைந்த செப்டிக் டேங்க் மூடியிலும் பிள்ளைகளின் உயிர் போயிருக்கிறது. இதில் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. பலகையையோ தகரத்தையோ போட்டு மூடி வைப்பது மூடி ஆகாது.

அடுத்தது பூட்டு. சில இடங்களில் நல்ல கழிப்பறை பூட்டியே இருக்கும். சாவி அலுவலக அறையில் தொங்கும். வளர்ந்த பெண் பிள்ளை ஒருத்தி ஒவ்வொரு முறையும் போய்ச் சாவி கேட்க மாட்டாள். தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வாள். சிறுநீர்த் தொற்று, தலைவலி, வகுப்பில் சோர்வு எல்லாம் அங்கிருந்து தொடங்குபவை. உள்ளே தாழ்ப்பாள், வெளிச்சம், கொக்கி, மூடியுள்ள குப்பைத் தொட்டி ஆகிய நான்கும் பெண் பிள்ளைகள் கழிப்பறையில் கட்டாயம். தொட்டி இல்லாவிட்டால் நாப்கின் கோப்பைக்குள் போகும், குழாய் அடைக்கும், மறுநாள் அந்தக் கழிப்பறையும் பூட்டப்படும்.

சுத்தம் செய்வது நாளுக்கு ஒருமுறையாவது நடக்க வேண்டும். கூட்டம் உள்ள பள்ளியில் மதிய உணவுக்குப் பின் இன்னொரு முறை. இதற்குத் தூய்மைப் பணியாளர் வேண்டும். பிள்ளைகளைக் கழுவச் சொல்லக் கூடாது. தண்டனையாகச் சொன்னால் அது கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடுக்கும் வதை. பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளை மட்டும் அனுப்பினால் அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்காகும். பணியாளருக்கு ஓர் எச்சரிக்கை: ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கொட்டவே கூடாது. கிளம்பும் குளோரின் வாயு மூச்சை அடைக்கும். செப்டிக் டேங்கில் பாதுகாப்புக் கருவி இன்றி ஆளை இறக்குவது, மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்; கழிவுநீர் உறிஞ்சும் வண்டியைத்தான் வரவழைக்க வேண்டும், 2 அல்லது 3 ஆண்டுக்கு ஒருமுறை.

தண்ணீர் குடிக்கத் தகுந்ததா?

குடிநீர்க் குழாயும் கழிப்பறைக் குழாயும் தனித்தனியாக இருக்கட்டும். உப்பான போர் தண்ணீர் கழிப்பறைக்குப் போதும்.

தொட்டியை 15 நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டும். பிறகு நிரப்பும் தண்ணீரில் 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். அப்படியே தூவக் கூடாது. வாளித் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் குழாயைத் திறக்கலாம். கடைசிக் குழாயில் பிடித்த தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். ஊராட்சியின் தொட்டி ஆப்பரேட்டரிடம் குளோரின் அளவு பார்க்கும் குளோரோஸ்கோப் இருக்கும், ஒரு நிமிட வேலை. மூட்டை திறந்தே கிடந்த பவுடரில் வீரியம் போயிருக்கும். வாசனையே இல்லாத பவுடரைப் போட்டும் பயனில்லை.

பரிசோதனைக்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகங்கள் உண்டு. முடிவில் பார்க்க வேண்டியவை: கரைந்த உப்பு 500க்குள் (வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் 2,000 வரை), நைட்ரேட் 45க்குள், ஃபுளோரைடு 1, அதிகபட்சம் 1.5. எல்லாமே லிட்டருக்கு மில்லிகிராம். மலம் கலந்ததைக் காட்டும் ஈ-கோலி கிருமி 100 மில்லியில் இருக்கவே கூடாது. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஃபுளோரைடு பெரிய பிரச்சினை. காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடத்தான் செய்யும். அங்கே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் இணைப்பைத்தான் கேட்க வேண்டும். உப்பு 500க்குள் இருக்கும் இடத்தில் ஆர்.ஓ. இயந்திரம் தேவையே இல்லை. நன்கொடையாக வந்த இயந்திரத்தில் வடிகட்டி மாற்ற ஆளும் பணமும் இல்லாவிட்டால் அதுவே கிருமி வளரும் இடமாகிவிடும்.

பணம் எங்கே இருக்கிறது?

மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து நடத்தும் சமக்ர சிக்ஷா பள்ளிக் கல்வித் திட்டத்தில் அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் ஒருங்கிணைந்த பள்ளி மானியம் உண்டு. 101 முதல் 250 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு 50,000 ரூபாய், 251 முதல் 1,000 வரை 75,000, அதற்கு மேல் 1 லட்சம். இதில் 10 சதவீதமாவது தூய்மைக்கு ஒதுக்க வேண்டும். தாழ்ப்பாள், குழாய், மிதவை வால்வு போன்றவற்றை இதிலிருந்தே வாங்கலாம். ஊராட்சியில் 15ஆவது நிதிக்குழு மானியத்தின் (2021–26) 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்கப்பட்டிருந்தது. பெரிய வேலைக்கு வட்டார வளர்ச்சி அலுவலகம், நகரமானால் நகராட்சி அல்லது மாநகராட்சி. ஊரார், பழைய மாணவர்கள் தர முன்வந்தால் 2022இல் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' என்ற தமிழ்நாடு அரசுத் திட்டம் வழியாகத் தரலாம்.

எப்படிக் கேட்பது?

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். மாதக் கூட்டத்தில் தீர்மானமாக எழுத வைப்பதுதான் முதல் வேலை. "கழிப்பறை வசதி தேவை" என்று எழுதினால் "ஏற்கெனவே உள்ளது" என்று பதில் வரும். இப்படி எழுதுங்கள்: "பெண் பிள்ளைகள் 112 பேர். தேவை 3 அலகு, இருப்பது 2, அதில் ஒன்றில் ஜூலை முதல் தண்ணீர் இல்லை, காரணம் மோட்டார் பழுது. மோட்டாரைச் சரிசெய்து, 2,000 லிட்டர் தொட்டி ஒன்றும் கூடுதலாக ஓர் அலகும் தேவை."

எழுதுவதற்கு முன் பள்ளியின் யூடைஸ் பிளஸ் (பள்ளிகளின் விவரங்களைத் திரட்டும் அரசுத் தகவல் தளம்) அறிக்கையைப் பாருங்கள். 11 இலக்கப் பள்ளி எண்ணைப் போட்டால் இணையத்தில் யாரும் பார்க்கலாம். மொத்தக் கழிப்பறை எத்தனை, இயங்குபவை எத்தனை என்று தனித்தனியாக இருக்கும். இயங்காததை இயங்குவதாகப் பதிந்திருந்தால் முதலில் அதைத் திருத்தக் கேளுங்கள்; அந்தப் பதிவு இருக்கும்வரை மேலிடத்தில் உங்கள் பள்ளிக்குக் குறையே இல்லை.

தீர்மான நகலோடு வட்டாரக் கல்வி அலுவலருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் மனு. ஊராட்சிக்குரிய வேலையைக் கிராம சபையில் வையுங்கள். மார்ச் 22 கிராம சபை உலகத் தண்ணீர் நாளுக்கானதே. 14417 பள்ளிக் கல்வி உதவி எண், 1100 முதல்வரின் உதவி மையம். இரண்டிலும் புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். பதில் இல்லையென்றால் கல்வி உரிமைச் சட்டம் 32ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்புக்கு எழுத்துப்பூர்வப் புகார். 3 மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லாவிட்டால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு. பணம் வந்ததா, என்ன ஆனது என்று தெரிய 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும்.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் வாரம் குழு உறுப்பினர்கள் நேரில் போக வேண்டிய நேரம். ஒன்றரை மாதம் தேங்கிய தண்ணீரை முழுக்க வடித்து, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, குளோரின் போட்டு, எல்லாக் குழாயையும் ஐந்து நிமிடம் திறந்துவிட்ட பிறகே பிள்ளைகள் அதில் வாய் வைக்கலாம்.