தபால் நிலையத்தில் ஒரு தாளம்

1975இல் கானா பல்கலைக்கழகத் தபால் நிலையத்தில் ஜேம்ஸ் கேட்டிங் என்ற இசை ஆய்வாளர் ஓர் ஒலிப்பதிவு செய்தார். விவரம் தெரியாமல் கேட்பவர்களுக்கு ஏதோ தாளக்குழு வாசிப்பதாகவே தோன்றும். உண்மையில் அங்கே கடிதங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தார்கள். கடிதத்தை மேசைமேல் தட்டித் தட்டி இழுப்பது ஒரு சத்தம், மையில் முத்திரையை ஒற்றுவது ஒரு சத்தம், தாளில் குத்துவது இன்னொன்று. ஒருவர் எதையும் வெட்டாமல் கத்தரிக்கோலைத் திறந்து மூடுகிறார். கூடவே சீழ்க்கையில் ஒரு தேவாலயப் பாட்டு.

ஒருமுறை ஒற்றினால் போதும் என்ற இடத்தில் பலமுறை ஒற்றுகிறார்கள். அதனால் வேலை கொஞ்சம் தாமதமாகத்தான் செய்யும். அலுப்புத் தட்டாது, அவ்வளவுதான்.

சரி, இத்தனை கைகள் எப்படி ஒத்துப்போகின்றன? ஒரு சத்தத்தைக் கேட்டபின் கையை அசைக்க நமக்குச் சுமார் 150 மில்லிநொடி ஆகும். ஆனால் சீரான தாளத்துக்குத் தட்டச் சொன்னால், பெரும்பாலோர் அடி விழுவதற்குச் சில பத்து மில்லிநொடி முன்னதாகவே தட்டிவிடுகிறார்கள். மூளை அடுத்த அடிக்குக் காத்திருப்பதில்லை, முன்கூட்டியே கணிக்கிறது. சும்மா உட்கார்ந்து தாளம் கேட்டாலும் மூளையில் அசைவுக்கான பகுதிகள் விழித்துக்கொள்வது ஸ்கேனில் தெரிகிறது.

கானாவில் ஃபுஃபு என்ற உணவுக்கு மாவு இடிப்பதைப் பார்த்தால் இந்தக் கணிப்பின் அருமை புரியும். வேகவைத்த மரவள்ளியையும் வாழைக்காயையும் ஒருவர் நீண்ட உலக்கையால் இடிக்க, உரலருகே உட்கார்ந்தவர் இரண்டு இடிக்கு நடுவே கைவிட்டு மாவைப் புரட்டுவார். ஒவ்வொரு இடியையும் பார்த்துப் பார்த்துக் கையை எடுப்பதென்றால் விரல் மிஞ்சாது. தாளம் பிசகாதவரை பயமில்லை, பேசிக்கொண்டேகூடப் புரட்டலாம்.

மேற்கு ஆப்பிரிக்கத் தாளங்களில் இன்னொரு வேடிக்கை உண்டு. ஒன்று முதல் ஆறு வரை சீராக, திரும்பத் திரும்ப எண்ணுங்கள். வலது கையால் 1, 3, 5இல் தட்டுங்கள். இடது கையால் 1, 4இல். ஒரே நேரத்துக்குள் ஒரு கை மூன்றடி, மறு கை இரண்டடி. முதலில் கை குழம்பும். அப்புறம் இரண்டும் சேர்ந்து ஒரே உருவாகக் காதில் விழும்.

இப்படிப் பின்னும்போது அடிப்படை அடியை எந்த மேளமும் வாசிக்காமல் போகலாம். ஆடுபவரின் பாதம் அதைப் பிடித்துக்கொள்ளும். கிழக்கே சுவாஹிலி மொழியில் மேளத்துக்கும் ஆட்டத்துக்கும் 'ங்கோமா' என்று ஒரே சொல் இருக்கிறது. ஆட்டத்தை விட்டுவிட்டு ஒலியை மட்டும் பதிவு செய்தால் அந்த அடி நாடாவில் விழாது. தபால் நிலைய மேசைக்கு அடியில் கால்கள் என்ன செய்துகொண்டிருந்தனவோ!