ஒலிவாங்கி, அணி ஒலிவாங்கி: ஒரு சொல் விளக்கம்

இராமநாதபுரம் கடற்கரையில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை எந்த ஊர்த் திருவிழா என்றாலும், 'மைக் செட் சொல்லியாகிவிட்டதா?' என்ற கேள்வி முதலிலேயே வந்துவிடும். பேசும் கருவி, ஆம்பிளிஃபயர், பனைமரத்தில் ஏற்றிக் கட்டும் கூம்புக் குழாய், சில ஊர்களில் சீரியல் விளக்குகள்கூட அந்த ஒரு பெயருக்குள் அடங்கும். எழுதும்போது குழப்பம் தலைகீழாகிறது. பேச்சாளர் 'ஒலிபெருக்கி முன் நின்று' பேசியதாக எழுதுகிறோம். அவர் நின்றது மைக்கின் முன். ஒலிபெருக்கியோ கூட்டத்துக்குப் பின்னால், பனைமரத்தின் உச்சியில்.

குரலை வாங்கி மின் சமிக்ஞையாக மாற்றும் கருவிக்கு ஒலிவாங்கி என்பதே சரியான சொல். முள்ளை எடுக்கும் கருவியை முள்வாங்கி என்று அழைத்த மொழிக்கு இந்த அமைப்பு புதிதன்று. இலங்கைத் தமிழ் எழுத்தில் இது வெகு இயல்பாகப் புழங்குகிறது. இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்த இந்தக் கரைக்கும் அது அந்நியமாகப் படாது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் நாம் தமிழர் கட்சிக்கு மைக் சின்னம் கிடைத்தபோது, அகராதியில் கிடந்த சொல் தெருச் சுவர்களுக்கும் வந்தது.

மூலச் சொல்லான மைக்ரோஃபோன் கிரேக்கத்திலிருந்து வந்தது: 'மிக்ரோஸ்' என்றால் சிறிய, 'ஃபோனே' என்றால் குரல் அல்லது ஒலி. 1827இல் சார்லஸ் வீட்ஸ்டன் இப்பெயரை வைத்த கருவியில் மின்சாரமே கிடையாது. அது மெல்லிய ஒலியைக் காதுக்குக் கடத்தும் கருவி. 1878இல் டேவிட் எட்வர்ட் ஹியூஸ் மின்சாரம் பாயும் தம் கரித்துண்டுக் கருவிக்கு அதே பெயரை எடுத்துக்கொண்டார். நுண்ணோக்கி கண்ணுக்குச் செய்வதை இது காதுக்குச் செய்யும் என்பது கருத்து. ஆகவே 'மைக்ரோ' குறிப்பது கருவியின் அளவை அன்று, அது பிடிக்கும் நுண்ணிய ஒலியை. சொல்லுக்குச் சொல் பெயர்த்திருந்தால் 'நுண்ணொலி' என்று ஏதாவது முளைத்திருக்கும். நல்லவேளை, தமிழில் கருவி செய்யும் வேலையைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள்.

இனி 'வயர்லெஸ்'. இராமேசுவரத்தில் அந்தச் சொல்லைத் தனியாகச் சொன்னால் விசைப்படகின் தொடர்புக் கருவியோ காவல்துறையின் கருவியோதான் நினைவுக்கு வரும். பழைய தமிழாக்கமான 'கம்பியில்லாத் தந்தி' ஒரு வேடிக்கை: தந்தி என்பதற்கே கம்பி, வீணை நரம்பு என்று பொருள். மைக்குக்குக் 'கம்பியில்லா ஒலிவாங்கி' போதும். ஆனால் கம்பி முழுதாகப் போய்விடவில்லை. நடிகரின் நெற்றியோரத்தில் இருக்கும் ஒலிவாங்கியிலிருந்து இடுப்பிலுள்ள சிறு பெட்டி வரை மெல்லிய கம்பி ஓடத்தான் செய்கிறது. அறுந்தது, அந்தப் பெட்டிக்கும் ஒலிக் கலவை மேசைக்கும் இடையிலுள்ள கம்பி. அந்த இடைவெளியை ரேடியோ அலை கடக்கிறது. அனுப்பும் பெட்டியை அலைபரப்பி என்றும், மேசைப் பக்கம் இருப்பதை அலைவாங்கி என்றும் சொன்னால் குழப்பம் தீரும்.

இந்தப் பகுதியின் இசை நாடகமான ஸ்பெஷல் நாடகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கம்பி எவ்வளவு பெரிய அதிகாரம் செலுத்தியது என்று தெரியும். வள்ளி திருமணத்தில் நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் சூடாகும்போதுகூட இருவரும் ஸ்டாண்ட் மைக்கை விட்டு நகர முடியாது. பழைய நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா காலத்தில் தொண்டையே மைக் செட். கடைசி வரிசை வரை குரல் எட்ட வேண்டும், எட்டியது. பிறகு வந்த ஸ்டாண்ட் மைக் தொண்டைக்கு ஓய்வு கொடுத்துக் காலைக் கட்டிப்போட்டது. உடம்போடு வரும் மைக் காலையும் அவிழ்த்துவிடுகிறது. பபூன் என்னும் கோமாளி ஆடிக்கொண்டே பேசலாம், வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் மாறாது.

தொல்லைகளும் கூடவே வரும். விடிய விடிய நடக்கும் நாடகத்தில், கடலோரப் புழுக்கத்தில், அரிதாரத்தோடு வழியும் வியர்வை ஒலிவாங்கியின் சிறு துளையை அடைத்தால் குரல் கிணற்றுக்குள் போய்விடும். அலைபரப்பிக்குள் ஈரம் புகாமல் இருக்க மசகு பூசாத ஆணுறையில் அதைப் பொதிந்து கட்டுவது உலகெங்கும் நாடகக்காரர்களின் பழைய உத்தி, கூச்சப்பட ஒன்றுமில்லை. உப்புக் காற்று பேட்டரி முனைகளை அரிக்கும். மேல்காற்றான கச்சான் வீசும் மாதங்களில் திறந்தவெளி மேடை என்றால் ஒலிவாங்கிக்குப் பஞ்சு உறை அவசியம். மனித உடலும் ரேடியோ அலையை விழுங்கும் என்பதால் நடிகர் திரும்பி நின்றால் சில இடங்களில் அலை தளரும். இப்படி அலை தளர்வதைச் சமாளிக்கத்தான் நல்ல அலைவாங்கிகளில் 2 ஆண்டெனாக்கள். பல மைக்குகளை ஒன்றாக இயக்கினால் கணக்கு இன்னும் சிக்கல். 500, 501 மெகாஹெர்ட்ஸில் இரண்டு அலைபரப்பிகள் அருகருகே இயங்கினால் 499இலும் 502இலும் வேண்டாத அலைகள் பிறக்கக்கூடும். மூன்றாவது மைக்கை அங்கே வைத்தால் கரகரப்புதான்.

கடைசியாக, காலர் மைக். சட்டைக் காலரில் குத்துவதால் வந்த பெயர். முருகனுக்கோ வள்ளிக்கோ காலர் ஏது? ஆங்கிலத்தில் இதை லாவலியர் என்பார்கள். பிரான்சின் 14ஆம் லூயியின் காதலி லூயீஸ் த லா வால்யேர் பெயரால் கழுத்தில் தொங்கும் பதக்கத்துக்கு அந்தப் பெயர் வந்தது. பிறகு கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்ட மைக்குக்கும் ஒட்டிக்கொண்டது. நகையில் பிறந்த பெயர் என்பதால், தமிழில் 'அணி ஒலிவாங்கி' என்று சொல்லலாம் என்பது என் கட்சி. அணிதல், அணிகலன் இரண்டும் அதில் இருக்கின்றன. கழுத்து, நெற்றி, காதோரம் எங்கே வைத்தாலும் பொருந்தும். நாடக விமரிசனத்திலும் அழைப்பிதழிலும் தாராளமாக எழுதலாம். வாடகைக் கடையில் மட்டும் காலர் மைக் என்றே கேளுங்கள். இல்லாவிட்டால் கடைக்காரர் நகைக்கடைக்கு வழி காட்டிவிடுவார்.