எஸ்ஆர்-22: சொல் விளக்கம்

அமெரிக்காவில் குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டவருக்கு அபராதம், வகுப்பு, லைசென்ஸ் முடக்கம் எல்லாம் ஒரு வழியாக முடிந்தபிறகும் ஒரு சொல் மட்டும் பின்னாலேயே வரும். அதுதான் எஸ்ஆர்-22. இதைத் தாக்கல் செய்தால்தான் லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும் என்று பல மாநிலங்களில் டிஎம்வி, அதாவது மாநில மோட்டார் வாகனத் துறை, சொல்லிவிடும். உடனே 'எஸ்ஆர்-22 இன்ஷூரன்ஸ்' எங்கே மலிவு என்று தேட ஆரம்பிப்பார்கள். விளம்பரங்களும் அந்தப் பெயரிலேயே வரும். உண்மையில் அப்படி ஒரு இன்ஷூரன்ஸ் கிடையாது.

எஸ்ஆர்-22 என்பது ஒரு படிவம், அவ்வளவுதான். "இவரிடம் எங்கள் பாலிசி இருக்கிறது, சட்டம் கேட்கும் குறைந்தபட்சத் தொகைக்குக் குறையாமல் இருக்கிறது, அது நின்றுபோனால் உங்களுக்குச் சொல்கிறோம்" என்று காப்பீட்டு நிறுவனம் மாநில அரசுக்கு எழுதிக் கொடுக்கும் சான்று. ஓட்டுநரே நிரப்பி நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிற காகிதம் இல்லை, நிறுவனம்தான் அனுப்பவேண்டும். பாலிசி ரத்தானால் அதே நிறுவனம் எஸ்ஆர்-26 என்ற இன்னொரு படிவத்தை அனுப்பிவிடும். லைசென்ஸ் மறுபடி முடங்கும். ஒரு மாதத் தவணையை மறந்ததால் சில மாநிலங்களில் மொத்தமும் முதலிலிருந்து தொடங்க நேர்வது இப்படித்தான்.

'எஸ்ஆர்' என்பதை 'சேஃப்டி ரெஸ்பான்சிபிலிடி' என்று விரிப்பது வழக்கம். இந்தப் 'பொறுப்பு' எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் 1920-களுக்குப் போகவேண்டும். அமெரிக்கத் தெருக்களில் கார்கள் பெருகின, இடித்தவரிடம் கொடுக்கப் பணமில்லாமல் அடிபட்டவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். 1925-இல் கனெக்டிகட் மாநிலம் ஒரு சட்டம் போட்டது. எல்லோரும் காப்பீடு எடுக்கவேண்டும் என்று அது சொல்லவில்லை. விபத்து ஏற்படுத்தியவரும் சில கடுமையான போக்குவரத்துக் குற்றங்களில் தண்டனை பெற்றவரும், இனிமேல் நேரும் சேதத்துக்கு ஈடு கொடுக்கத் தங்களால் முடியும் என்று காட்டினால் போதும். முதல்முறை இடிபட்டவர் கதி என்ன என்று கேட்டால் அதற்கு அந்தச் சட்டத்தில் பதில் கிடையாது. மாசசூசெட்ஸ் 1927-இல் காப்பீட்டை எல்லோருக்கும் கட்டாயமாக்கியது. மற்ற மாநிலங்கள் பல வருடங்கள் கழித்துத்தான் அந்த வழிக்கு வந்தன. நியூ ஹாம்ப்ஷயரில் இன்றும் எல்லோருக்குமான கட்டாயம் இல்லை. ஆனால் அங்கேயும் தவறு செய்தவரிடம் எஸ்ஆர்-22 கேட்பார்கள். பழைய சட்டத்தின் மனப்போக்கு அப்படியே நிற்கிறது.

ஆக, மாநிலம் உங்களிடம் கேட்பது காப்பீட்டை அல்ல, 'உன்னால் சேதம் வந்தால் யார் பணம் கொடுப்பார்?' என்ற கேள்விக்கு ஒரு பதிலை. கலிபோர்னியாவில் காப்பீட்டுக்குப் பதிலாக 75,000 டாலரை டிஎம்வியிடம் வைப்புத்தொகையாகக் கட்டியும் இந்தப் பொறுப்பைக் காட்டலாம். அவ்வளவு பணத்தைச் சும்மா போட்டுவைக்க யாரால் முடியும்? அதனால் காப்பீடுதான் நடைமுறையில் ஒரே வழியாகிவிட்டது, படிவத்தோடும் 'இன்ஷூரன்ஸ்' என்ற சொல் ஒட்டிக்கொண்டது.

இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்? 'நிதிப் பொறுப்புச் சான்று' என்பதுதான் சட்டெனத் தோன்றும். சட்டத்தின் சொற்களுக்கு நேராக இருக்கிறதே தவிர, தமிழில் படித்தால் யாரையோ பொருளாளராக நியமித்த கடிதம் மாதிரி இருக்கிறது. 'பிணைச் சான்று' பரவாயில்லை, கருத்து நெருங்கி வருகிறது. ஆனால் பிணை என்றதும் நமக்கு ஜாமீனும் சிறைவாசலும்தான் நினைவுக்கு வரும், ஏற்கெனவே நொந்துபோன மனிதரை அது இன்னும் பயமுறுத்தும். 'காப்பீட்டுச் சான்று' என்றால் வண்டிக்குள் எல்லோரும் வைத்திருக்கும் சாதாரண அட்டையோடு குழம்பும்.

தமிழ்நாட்டில் காப்பீடு என்கிறோம், இலங்கையிலும் சிங்கப்பூரிலும் காப்புறுதி. முன்னதில் 'ஈடு', பின்னதில் 'உறுதி'. இலங்கையில் காணிப் பத்திரத்தையே 'உறுதி' என்றுதான் சொல்வார்கள். காகிதத்தில் எழுதிக் கொடுத்த வாக்கு என்ற பொருள் அந்தச் சொல்லில் ஏற்கெனவே இருக்கிறது. அதையே எடுத்துக்கொண்டு 'பொறுப்புறுதிச் சான்று' என்றால் விஷயம் சரியாக வந்துவிடுகிறது என்பது என் கருத்து. பொறுப்பும் இருக்கிறது, எழுத்தில் உறுதியும் இருக்கிறது, காப்பீடு என்ற மயக்கம் இல்லை. டிஎம்வி கவுண்டரில் போய் இதைச் சொல்ல முடியாது. அங்கே எஸ்ஆர்-22தான். ஊரிலிருந்து போனில் கேட்கும் அப்பாவுக்குப் புரியவைக்க இது உதவும்.

கூடவே வரும் இன்னொரு சொல் 'ஹை-ரிஸ்க் டிரைவர்'. 'ரிஸ்க்' இத்தாலியக் கடல் வணிகத்தின் வழியாக ஐரோப்பிய மொழிகளுக்குப் பரவிய சொல். சரக்கை அனுப்பிவிட்டு அது கரைசேருமா என்று காத்திருந்தவர்களின் சொல். அதை 'உயர் இடர் ஓட்டுநர்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. இடர் என்றால் பழைய தமிழில் துன்பம், வருத்தம். உயர் இடர் ஓட்டுநர் என்றால் பெரும் துன்பத்தில் இருக்கும் டிரைவர் என்றுதான் படிக்கத் தோன்றும் (பில்லைப் பார்த்தபிறகு அதுவும் உண்மைதான்). 'விபத்து வாய்ப்பு மிகுந்த ஓட்டுநர்' நீளம்தான், ஆனால் நிறுவனம் கணக்குப் போடுவது அதைத்தான். பேச்சில் 'ரிஸ்க் கேஸ்' என்றே விட்டுவிடலாம்.

நம் ஊர்ப் பழக்கத்தோடு அமெரிக்கா போனவர்களுக்கு இது விநோதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. இந்தியாவில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி தேர்டு பார்ட்டி காப்பீடு கட்டாயம், ஆனால் காருக்கு அதன் கட்டணம் எஞ்சின் சிசியைப் பொறுத்தது. ஓட்டுகிறவர் எத்தனை முறை சிக்னலை மீறினார் என்று அதில் யாரும் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் வண்டியோடு ஆளையும் எடைபோடுகிறார்கள். டிக்கெட் (விதிமீறலுக்குப் போலீஸ் தரும் அபராதச் சீட்டு), விபத்து, இடையில் காப்பீடு இல்லாமல் விட்ட காலம், ஓட்டிய அனுபவம், பல மாநிலங்களில் கடன் மதிப்பெண்கூட (கிரெடிட் ஸ்கோர்) கணக்கில் வரும். கலிபோர்னியா, ஹவாய், மாசசூசெட்ஸ் மூன்றிலும் கடன் மதிப்பெண்ணைப் பார்க்கத் தடை இருக்கிறது.

செலவு விஷயத்திலும் பெயர் ஏமாற்றுகிறது. படிவத்தைத் தாக்கல் செய்யப் பெரும்பாலும் 25 டாலர் அளவில்தான் ஆகும். கையைச் சுடுவது பிரீமியம். (லத்தீனில் 'பிரேமியம்' என்றால் பரிசு, வெகுமதி. யாருக்குப் பரிசு என்பது வேறு விஷயம்.) கலிபோர்னியாவில் நல்ல ஓட்டுநருக்குக் குறைந்தது 20 சதவீதத் தள்ளுபடி தரவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. குடித்து ஓட்டித் தண்டனை பெற்றவருக்கு அது 10 வருடத்துக்குக் கிடையாது. எஸ்ஆர்-22 மூன்று வருடத்தில் முடிந்துவிடும், தள்ளுபடி இழப்பு அதற்கப்புறமும் பல வருடம் ஓடும். இதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை.

சட்டம் கேட்கும் குறைந்தபட்சத் தொகையும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் 30/60/15. ஒருவர் காயத்துக்கு அல்லது மரணத்துக்கு 30,000 டாலர், ஒரே விபத்தில் பலருக்கு 60,000, சொத்துச் சேதத்துக்கு 15,000. அதற்கு முன் 15/30/5-ஆக இருந்தது. புளோரிடாவிலும் வர்ஜீனியாவிலும் குடித்து ஓட்டியவருக்கு எஸ்ஆர்-22 போதாது, எஃப்ஆர்-44 வேண்டும். புளோரிடாவில் அதன் அளவு 100/300/50. தமிழில் இதற்குத் தனிச்சொல் தேவையில்லை, 'உயர்தொகைப் பொறுப்புறுதிச் சான்று' என்றால் சரி.

சொந்தமாக வண்டி இல்லாதவரும் லைசென்ஸ் வேண்டுமென்றால் இதைக் காட்டியாகவேண்டும். அவருக்கென 'நான்-ஓனர்' பாலிசி இருக்கிறது, கடன் வாங்கி ஓட்டும் வண்டியால் பிறருக்கு வரும் சேதத்தை அது ஏற்கும், கட்டணமும் பொதுவாகக் குறைவு. எந்த நிறுவனமும் சேர்த்துக்கொள்ளவில்லை என்றால் 'அசைன்டு ரிஸ்க்' திட்டம். மாநிலத்தில் வியாபாரம் செய்யும் நிறுவனங்களுக்கு இப்படிப்பட்டவர்களைச் சந்தைப் பங்குக்கு ஏற்பப் பிரித்துக் கொடுப்பார்கள். 'பங்கீட்டுக் காப்பீடு' என்பது இதற்குப் பொருந்தும்.

நியூயார்க், பென்சில்வேனியா போன்ற சில மாநிலங்களில் எஸ்ஆர்-22 முறையே கிடையாது. அதற்காக லாஸ் ஏஞ்சலிஸில் வாங்கிய டிஎம்வி உத்தரவோடு பென்சில்வேனியாவின் பிலடெல்பியாவுக்குக் குடிபோனால் தானாகத் தப்பித்துவிட்டோம் என்று நினைக்க முடியாது. கேட்டது கலிபோர்னியா, எனவே அந்தச் சான்று இன்னும் வேண்டுமா என்று கலிபோர்னியா டிஎம்வியிடமே கேட்டுக்கொள்ளவேண்டும். வீடு மாறுவதற்கு முன்பே, இரண்டு மாநிலங்களிலும் வேலை செய்யும் நிறுவனமா என்று கேட்டுவைத்துக்கொள்வது நல்லது.