கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன் எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரைப் படியுங்கள்

சென்ற மே மாதம் திருநகரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் தம் கேபினட்டை ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுவந்தார். முதல் நாள்தான் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தார். விளையாட்டின் மெனுவில் எவ்வளவு நேரம் இருந்தாலும் ஒன்றும் ஆவதில்லை என்றும், சண்டைக் காட்சி தொடங்கிய ஓரிரு நிமிடங்களில் கணினி சட்டென்று அணைந்து தானாகவே மறுபடி எழுகிறது என்றும் சொன்னார். கார்டு பழுது, திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்பது அவருடைய முடிவு. மதுரையில் பல ஆண்டுகளாகக் கணினி பழுது பார்க்கும் எனக்கு, இப்படி ஒரு புகாரைக் கேட்டால் கார்டுக்கு முன்பு, கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் மீதுதான் கண் போகும்.

பக்கமூடியைக் கழற்றிப் பார்த்தபோது, கேபினட்டோடு சேர்ந்தே வந்த எஸ்எம்பிஎஸ்தான் உள்ளே இருந்தது. அதன் ஸ்டிக்கரில் 450 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். கீழே பொடி எழுத்திலிருந்த அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு நேரே 18 ஆம்பியர் என்றிருந்தது. பெருக்கினால் 216 வாட்தான் வரும். கிராபிக்ஸ் கார்டும் ப்ராசஸரும் மின்சாரத்தை ஏறக்குறைய முழுவதும் இந்த 12 வோல்ட்டிலிருந்தே இழுப்பதால், மற்ற வோல்ட்டுகளுக்கு எழுதியிருக்கும் ஆம்பியர் எவ்வளவாக இருந்தாலும் அவற்றுக்கு உதவாது. அந்தக் கார்டு மட்டுமே 170 வாட் கேட்கும். 65 வாட் என்று சொல்லப்படும் ப்ராசஸரும் முழு வேகத்தில் அந்த அளவைத் தாண்டுவது வழக்கம். அதனால்தான் மெனுவில் ஓடிய கணினி சண்டையில் படுத்தது.

அதைவிடக் கவலை தந்தது இன்னொன்று. அந்த எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்கு நேரே மின்சாரம் தரும் 8 பின் வயரே இல்லை. கார்டு விற்ற கடையில், வேறு பாகங்களுக்கான பழைய வகை 4 பின் வயரிலிருந்து கார்டுக்கு மின்சாரம் எடுக்கும் மோலெக்ஸ் அடாப்டர் ஒன்றைக் கொடுத்துச் சமாளித்திருக்கிறார்கள். அதன் வெள்ளை பிளாஸ்டிக் முனை பழுப்பேறியிருந்தது, மஞ்சள் வயரின் உறை விறைத்துப் போயிருந்தது. மதர்போர்டின் ஸ்லாட் வழியாக 75 வாட், 6 பின் வயரில் 75 வாட், 8 பின் வயரில் 150 வாட் என்பது கணக்கு. 8 பின் வயரையே வைக்காமல் ஒருவர் எஸ்எம்பிஎஸ் தயாரித்திருக்கிறார் என்றால், அது இத்தகைய கார்டுக்கானது அன்று என்று அவரே சொல்லிவிட்டதாகத்தான் கொள்ள வேண்டும். எஸ்எம்பிஎஸ் மாற்றப் பணமில்லாதவர்கள், தனி வயர் கேட்காத 75 வாட் கார்டோடு நின்றுகொள்வது நல்லது. ஜிடிஎக்ஸ் 1650 கார்டில் அப்படிச் சில மாடல்கள் உண்டு.

என்விடியா நிறுவனம் 3060 கார்டுக்கு 550 வாட், 4070 கார்டுக்கு 650 வாட், 4090 கார்டுக்கு 850 வாட் எஸ்எம்பிஎஸ்ஸைப் பரிந்துரைக்கிறது. கார்டின் தேவையைவிட இவை பெரிதும் கூடுதலாகத் தோன்றினாலும், மற்ற பாகங்களின் தேவையோடு, கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாகக் கார்டு திடீரென்று கூடுதலாக இழுக்கும் பழக்கத்தையும் தாங்க வேண்டியிருக்கிறது. எஸ்எம்பிஎஸ்களுக்காக 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை, 100 மைக்ரோவினாடிக்கு இரு மடங்குச் சுமையைத் தாங்க வேண்டும் என்று சொல்வது இதற்காகவே.

80 பிளஸ் முத்திரையைத் தரத்தின் சான்றாகப் பலர் நினைக்கிறார்கள். அது முக்கியமாக, மின்சாரம் வெப்பமாக வீணாவது எவ்வளவு என்பதையே அளக்கிறது. 115 வோல்ட் சோதனையில், பாதிச் சுமையில், இழுக்கும் மின்சாரத்தில் ப்ரான்ஸ் (வெண்கலம்) தரம் 85 விழுக்காட்டையும் கோல்டு (தங்கம்) தரம் 90 விழுக்காட்டையும் வீணாக்காமல் கணினிக்குத் தர வேண்டும். ஷார்ட் சர்க்கியூட் பாதுகாப்பைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. என்னைக் கேட்டால், 3060 போன்ற கார்டுக்கு நல்ல தயாரிப்பாளரின் ப்ரான்ஸ் தரமே போதும். மிச்சப் பணத்தை வண்ண விளக்குகளுக்குக் கொடுக்க வேண்டாம்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுங்கள். முழு வாட்டை எத்தனை டிகிரி வெப்பத்தில் தரும் என்பதைத் தயாரிப்பாளரின் விவரத்தில் பாருங்கள்; 25 டிகிரிக்குச் சொன்ன கணக்கு, மேசைக்கு அடியில் சுவரோடு ஒட்டி வைத்த கேபினட்டுக்குள் சித்திரை மாதத்தில் செல்லாது. வயர்களைக் கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் எஸ்எம்பிஎஸ் வாங்கினால், பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் வயர்களை அதில் செருகவே கூடாது. முனை பொருந்தினாலும் உள்ளே பின் வரிசை மாறியிருக்கலாம், அப்படியானால் ஒரே நொடியில் டிஸ்க் போய்விடக்கூடும்.

மாணவர் 550 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்கிவந்தார். 12 வோல்ட்டுக்கு நேரே 45 ஆம்பியர் இருந்தது. அதே சண்டைக் காட்சியைக் கடையிலேயே முக்கால் மணி நேரம் ஆடிப் பார்த்தார், கணினி அணையவில்லை. பழையதைத் தங்கையின் கணினிக்குப் போடலாமா என்று கேட்டார். கார்டில்லாத கணினிக்கு 216 வாட் தாராளம்தான். ஆனாலும் முனை பழுப்பேறிய பெட்டியை இன்னொரு வீட்டுக்கு அனுப்ப மனம் வராமல் நானே வாங்கி வைத்துக்கொண்டேன்.