பேரரசின் தடம்: கண்டுபிடிப்பது எப்படி?

ஒரு பகுதி இன்று பின்தங்கியிருக்க முன்னாள் பேரரசுதான் காரணம் என்று சொல்லிவிடலாம், நிரூபிப்பதுதான் கடினம். பேரரசுகள் கண்ணை மூடிக்கொண்டு நாடு பிடித்ததில்லை. இந்தியாவில் பிரிட்டிஷார் விளைச்சல் மிகுந்த பகுதிகளையே அதிகம் கைப்பற்றினார்கள். அந்த மாவட்டங்களைச் சமஸ்தானங்களோடு அப்படியே ஒப்பிட்டால், மண்வளத்தின் பலன் ஆட்சியின் கணக்கில் ஏறிவிடும்.

பொருளியலாளர் லட்சுமி ஐயர் இதற்கு ஒரு வழி கண்டார். 1848 முதல் 1856 வரை தலைமை ஆளுநராக இருந்த டல்ஹவுசி, சொந்த வாரிசு இல்லாமல் மன்னர் இறந்தால், தத்துப்பிள்ளையை ஏற்காமல் சமஸ்தானத்தை இணைத்துக்கொண்டார். சதாரா, ஜான்சி, நாக்பூர் அப்படிப் போனவை. அரண்மனையில் பிள்ளை பிறப்பதற்கும் வயலில் நெல் விளைவதற்கும் சம்பந்தமில்லை. எனவே அந்தக் காலத்தில் வாரிசின்றி மன்னர் இறந்த சமஸ்தானங்களை மற்றவற்றோடு ஒப்பிடுவது, சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனைக்கு நெருங்கி வருகிறது. முடிவு: நேரடி ஆட்சியில் இருந்த பகுதிகளில், சுதந்திரத்துக்குப் பிறகும் பள்ளி, சுகாதார நிலையம், சாலை வசதிகள் குறைவு.

இப்படி ஒரு விதி கிடைக்காத இடத்தில் பழைய எல்லைக்கோடு உதவும். 1573 முதல் 1812 வரை ஸ்பானிய அரசு, ஆண்டிஸ் மலைப்பகுதியில் 200-க்கும் மேற்பட்ட சமூகங்களிடமிருந்து வயதுவந்த ஆண்களில் ஏழில் ஒரு பங்கினரைச் சுரங்க வேலைக்குக் கட்டாயமாகப் பிடித்தது. பொருளியலாளர் மெலிசா டெல், இப்படி ஆள் பிடித்த பகுதியின் எல்லைக்கு இருபுறமும் உள்ள பெரு நாட்டு ஊர்களை ஒப்பிட்டார். எல்லை முழுவதையும் அல்ல. சில இடங்களில் அது செங்குத்தான மலைச்சரிவோடு போகிறது, அங்கே மலையின் விளைவும் கலந்துவிடும். உயரமும் மக்களும் ஒத்திருந்த துண்டை மட்டும் எடுத்தார். எல்லைக்கு உள்ளே இன்று குடும்ப நுகர்வு சுமார் 25% குறைவு.

ஏன் என்பதையும் காட்ட வேண்டும். சுரங்கத்துக்கு ஆள் குறையக்கூடாது என்று எல்லைக்குள் பெரும்பண்ணைகளை அரசு கட்டுப்படுத்தியது. வெளியே வளர்ந்த பண்ணை முதலாளிகள் தங்கள் செல்வாக்கால் சாலைகளை வரவழைத்துக்கொண்டார்கள். இந்தச் சங்கிலி இல்லாத ஆய்வு வெறும் வரைபடம்தான்.

போலந்தின் தேர்தல் வரைபடம் நல்ல உதாரணம். பழைய ஜெர்மன் பேரரசின் எல்லை அதில் பளிச்சென்று தெரியும். உடனே ‘பேரரசின் பண்பாடு’ என்று பேசத் தொடங்கிவிடுவார்கள். ஆனால் அந்த எல்லைக்கு மேற்கே உள்ள பகுதிகள் பலவற்றில் 1945-க்குப் பிறகு ஜெர்மானியர் வெளியேற்றப்பட்டு, வேறு இடங்களிலிருந்து போலந்து மக்கள் குடியேற்றப்பட்டார்கள். பண்பாட்டைச் சுமந்து வர அங்கே பழைய ஆட்களே இல்லை! பேரரசு விட்டுச்சென்ற ரயில்பாதைகளையும் பிறகு நடந்த குடியேற்றத்தையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கடைசியாக ஒரு சோதனை. எல்லைக்கோட்டை வேண்டுமென்றே ஐம்பது கிலோமீட்டர் இடப்பக்கமும் வலப்பக்கமும் நகர்த்தி மறுபடி கணக்கிட வேண்டும். அண்டை ஊர்கள் இயல்பாகவே ஒன்றுபோலவும் தள்ளியுள்ள ஊர்கள் வேறுபட்டும் இருப்பதால், எந்தக் கோடு போட்டாலும் ஏதோ ஒரு வித்தியாசம் தென்படக்கூடும். பொய்க்கோட்டிலும் அதே அளவு வித்தியாசம் வந்தால், பேரரசின் மேல் பழி போட முடியாது.