கீசரை அணைத்து அணைத்துப் போட்டால் கரண்ட் கூடுமா?

போன வாரம், இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில், கரண்ட் பில் ஏறுகிறது என்று கூப்பிட்ட ஒரு ஆன்ட்டி வீட்டுக்குப் போனேன். ஜூலை மாதம், மாலை ஆறரைக்கே கும்மிருட்டு. வீடு முழுக்க எரிந்தது ஒரே ஒரு பல்பு, அதுவும் அடுப்படியில். டிவியின் பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தார். பேரப்பிள்ளைகள் கைபேசி வெளிச்சத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். "தம்பி, இதுக்கு மேல எதை அணைக்கிறது? மீட்டர்தான் கெட்டுப்போச்சு, நீயே பாரு" என்றார்.

மீட்டரில் ஒரு கோளாறும் இல்லை. ஏணி போட்டு சீலிங்குக்கு மேலே ஏறினேன். கீசரின் தெர்மோஸ்டாட், அதாவது எவ்வளவு சூடு என்று வைக்கும் திருகு, 70 டிகிரியில் நின்றது. வெளியே வந்து பார்த்தால், சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் ஓவர்ஃப்ளோ குழாயிலிருந்து சுடச்சுடத் தண்ணீர் சொட்டுகிறது. அடியில் 20 லிட்டர் வாளி. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று நிறையுமாம். வீணாக்கக் கூடாதென்று ஆறவைத்துக் கறிவேப்பிலை மரத்துக்கு ஊற்றுகிறார். ஒரு நாளைக்கு இரண்டேகால் யூனிட்டுக்கு மேல் செலவழித்துச் சுட வைத்த தண்ணீர்! யூனிட்டை மூன்று ரேண்ட் என்று வைத்துக்கொண்டாலும் மாதம் இருநூறு ரேண்ட் அந்த மரத்தடியில் போயிருக்கிறது. ஆனால் பல்பை மட்டும் எரிய விடமாட்டார்.

இந்தக் குளிர்காலத்தில் இப்படிப் பார்த்தது எட்டாவதோ ஒன்பதாவதோ வீடு. வீட்டுக்கு வீடு ஒரே பேச்சைப் பேசி வாய் வலிக்கிறது, அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில் பல்பு. எல்இடி பல்பு 9 வாட். கீசருக்குள் இருக்கும் எலிமென்ட் பெரும்பாலும் 3,000 வாட். கீசர் ஒரு மணி நேரம் சுடவைக்கிற கரண்டில் அந்தப் பல்பு 333 மணி நேரம் எரியும். தினம் ஐந்து மணி நேரம் போட்டாலும் இரண்டு மாதம் தாண்டும். தயவுசெய்து பிள்ளைகள் படிக்கும்போது விளக்கைப் போடுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே கீசர் என்றால் குளியலறைச் சுவரில் தொங்கும் 15 லிட்டரோ 25 லிட்டரோ பிடிக்கும் சின்னச் சாதனம். குளிக்கும் முன் போடுவோம், குளித்ததும் அம்மா கத்துவதற்குள் அணைப்போம். இங்கே கீசர் என்பது சீலிங்குக்கு மேலே படுத்திருக்கும் 150 லிட்டர் தொட்டி. கண்ணில் படாது, சத்தம் போடாது, 24 மணி நேரமும் ஓடும். வீடு வாங்கி ஆறு வருடமாகியும் தன் கீசரைப் பார்த்தே இராத ஒருவர் டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் இருக்கிறார்.

இனி எனக்கு எரிச்சல் மூட்டும் கதைக்கு வருகிறேன். "கீசரை அணைத்துவிட்டு மறுபடி போட்டால், ஜில்லென்று ஆன தண்ணீரை முதலிலிருந்து சுடவைக்க அதிகக் கரண்ட் இழுக்கும், போட்டபடியே விடுவதுதான் மிச்சம்." படித்தவர்களும் சொல்கிறார்கள். எனக்கே ஒரு பிளம்பர் பாடம் எடுத்தார்.

அடியில் ஓட்டை விழுந்த குடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குடம் விளிம்புவரை நிறைந்திருந்தால் தண்ணீர் வேகமாகப் பீய்ச்சும், பாதிக் குடம் என்றால் மெதுவாக ஒழுகும், காலிக் குடத்தில் ஒழுக ஒன்றுமில்லை. கீசருக்குள் சூடும் அப்படித்தான். 60 டிகிரியில் இருக்கும் தொட்டியிலிருந்து சூடு வேகமாக வெளியே போகும், 40 டிகிரியில் மெதுவாக. போட்டபடியே விட்டால் குடத்தை நாள் முழுக்க விளிம்புவரை நிரப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். அணைத்துவைத்தால் சூடு குறையக் குறைய ஒழுக்கும் குறைகிறது. மறுபடி போடும்போது நிரப்புவது, ஒழுகிப்போனதை மட்டும்தான். அது எப்படி அதிகமாகும்?

"ஆனால் போட்டதும் மீட்டர் பறக்கிறதே?" பறக்கத்தான் செய்யும். மூன்று கிலோவாட் என்றால் எப்போது போட்டாலும் மூன்று கிலோவாட். தொடங்கும்போது ஒரு இழுப்பு இழுப்பது மோட்டார் உள்ள சாதனங்கள். கீசருக்குள் இருப்பது வெறும் சூடாகும் கம்பி. முழுத் தொட்டியும் 20 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற ஏறக்குறைய ஏழு யூனிட், இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல். அதை நீங்கள் ஒரேயடியாகப் பார்ப்பதால் மலைப்பாக இருக்கிறது. நாள் முழுக்க ஐந்து ஐந்து நிமிடமாக எரியும்போது யாரும் மீட்டர் முன்னால் நின்று பார்ப்பதில்லை.

அதற்காக அணைத்தாலே பில் பாதியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். அது எதிர்ப்பக்கத்து மூடநம்பிக்கை. குளித்த தண்ணீருக்கான கரண்டை எப்படியும் கொடுத்தே ஆகவேண்டும். மிஞ்சுவது தொட்டி சும்மா கிடக்கையில் இழக்கும் சூட்டில் ஒரு பங்கு மட்டுமே. பழைய 150 லிட்டர் தொட்டி ஒரு நாளைக்கு இரண்டரை யூனிட் அளவுக்கு இப்படி இழக்கும், சூட்டை நன்றாகப் பிடித்துவைக்கும் புதிய 'பி வகுப்பு'த் தொட்டிகள் கிட்டத்தட்ட அதில் பாதி. அணைத்து வைப்பதால் நாளுக்கு ஒரு யூனிட் மிஞ்சினாலே பெரிது.

இன்னொரு குழப்பம். மாலை 5 முதல் 9 வரை கீசரை அணையுங்கள் என்று நாட்டின் மின் நிறுவனமான எஸ்காம் சொன்னது நாட்டின் மின்சாரம் தாங்கவேண்டும் என்பதற்காக. எல்லா நேரத்துக்கும் ஒரே விலை உள்ள வீட்டு மீட்டரில் மாலை ஆறு மணி யூனிட்டுக்கும் இரவு இரண்டு மணி யூனிட்டுக்கும் வித்தியாசம் கிடையாது. அணைப்பது நல்ல காரியம்தான், ஆனால் அந்த நேரத்தில் விலை கூடுதல் என்று எண்ணி ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எழுந்து துணி துவைக்க வேண்டாம் அம்மா!

பணம் மிஞ்சுவது வேறு இடத்தில். தெர்மோஸ்டாட்டை 60-க்கு இறக்கச் சொல்லுங்கள். சொல்லுங்கள் என்றுதான் சொன்னேன், நீங்களே மூடியைக் கழற்றாதீர்கள். உள்ளே 230 வோல்ட் முனைகள் திறந்து கிடக்கும். பக்கத்து வீட்டுத் தம்பிக்குத் தெரியும் என்பதும் வேண்டாம். மிச்சம் பிடிக்கிறேன் என்று 45-க்கும் இறக்கக் கூடாது, வெதுவெதுப்பான தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும், நுரையீரலைத் தாக்கும். 55-க்குக் கீழே நான் இறக்குவதே இல்லை. பழைய தொட்டி என்றால் கீசருக்கென்றே விற்கும் போர்வையைச் சுற்றுங்கள், அதிலிருந்து கிளம்பும் வெந்நீர்க் குழாய்க்கும் உறை போடுங்கள். ஒரு முறை செலவு, அவ்வளவுதான்.

அப்புறம் ஷவர். பத்து லிட்டர் வாளியை ஷவருக்கு அடியில் வைத்து நேரம் பாருங்கள். 40 வினாடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 15 லிட்டர். பத்து நிமிடம் நின்றால் 150 லிட்டர், மூன்றரை யூனிட், பத்து ரேண்டுக்கு மேல். நம் தாத்தாக்கள் வாளியும் செம்புமாகக் குளித்தார்களே, இரண்டு வாளி, அரை யூனிட்கூட ஆகாது. எல்லோரையும் செம்புக்குத் திரும்பச் சொல்லவில்லை, எனக்கே முடியாது. தண்ணீரைக் குறைத்துவிடும் ஷவர் தலை ஒன்றை மாட்டுங்கள். புரட்டாசியில் விரதம் இருக்கும் வீடுகளில் ஆறு பேரும் விளக்கேற்றும் முன் தலைக்குக் குளிக்கிறார்கள், பிறகு "இந்த மாதம் கறிகூடச் சமைக்கவில்லை, லைட் பில் ஏறிவிட்டது" என்று என்னைக் கூப்பிடுகிறார்கள்.

ஜூலையில் அடி இரட்டை. நகராட்சிக் கட்டணங்கள் ஜூலை 1-ல் மாறும், அதே நேரம் குழாய்த் தண்ணீரும் குளிர்ந்திருக்கும். மீட்டரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. 2024 நவம்பர் 24-க்குள் ப்ரீபெய்ட் மீட்டர்களுக்கெல்லாம் புது எண்கள் போடச் சொன்னார்களே, அதிலிருந்து வேகமாக ஓடுகிறது என்று ஒரு அங்கிள் இன்னும் சண்டை போடுகிறார். அது, கரண்ட் வாங்கி மீட்டரில் தட்டும் டோக்கன் எண்களின் தேதிக் கணக்கு முடிந்துபோனதால் செய்தது. யூனிட் எண்ணும் விதத்தை அது தொடவே இல்லை.

பிளக்கில் மாட்டினால் பில் பாதியாகும் என்று பச்சை விளக்குப் பெட்டி விற்கிறார்கள். ஒன்றை உடைத்துப் பார்த்தேன், உள்ளே ஒரு கப்பாசிட்டர், ஒரு குட்டி விளக்கு. வீட்டு மீட்டரில் அதனால் ஒரு சென்ட்டும் குறையாது. பாதி விலைக்கு டோக்கன் தருகிறேன் என்று வருகிறவனிடம் வாங்காதீர்கள். மீட்டரில் ஏறாதபடி அதைத் தாண்டிக் கம்பி இழுத்துத் தருகிறேன் என்பவனை வாசலோடு அனுப்புங்கள். எரிந்த போர்டுகளை நான் பார்த்திருக்கிறேன், அதற்குமேல் பேச விரும்பவில்லை.

கராஜில் ஓடும் இரண்டாவது ஃப்ரீஸரில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை திறந்து பாருங்கள். போன தீபாவளிப் பலகாரமும் ஐஸும் என்றால் அணைத்துவிடலாம். பருப்பையும் ஊறவைத்த பீன்ஸையும் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, மூடிய பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி வைத்தால் மீதி தானே வேகும். ஆயாக்கள் செய்ததுதான், 2008-ல் இதே நாட்டில் வொண்டர்பேக் என்று பை தைத்து விற்கத் தொடங்கினார்கள்.

ஓவர்ஃப்ளோ குழாய் சொட்டினால் உடனே பாருங்கள். தண்ணீர் சூடாகும்போது விரியும், அதனால் முழுத் தொட்டி சூடேறுகையில் இரண்டு லிட்டர் போல வெளியேறுவது இயல்பு. நாள் முழுக்கச் சொட்டுவது இயல்பல்ல. சொட்டுவது பச்சைத் தண்ணீர் என்றால் பெரும்பாலும் அழுத்த வால்வு, சூடு என்றால் பாதுகாப்பு வால்வு அல்லது தெர்மோஸ்டாட். விரலைப் பட்டென்று வைக்காமல் வாளியில் பிடித்துப் பாருங்கள்.

மீட்டர் மேல் இன்னும் சந்தேகம் தீரவில்லையா? இரவு பத்து மணிக்கு மீதி யூனிட்டைக் குறித்துவைத்துக் காலை ஐந்துக்கு மறுபடி பாருங்கள். மறுநாள் இரவு டிபி போர்டில், அதாவது வீட்டின் மெயின் சுவிட்ச் பெட்டியில், கீசரை மட்டும் அணைத்துவிட்டு அதே போலப் பாருங்கள். இந்த நான்கு எண்ணையும் காகிதத்தில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிடுங்கள். பாதி வீடுகளுக்கு நான் வரவே தேவையிருக்காது.